மாத்திரை கொடுத்தும் கிச்சோச்சோ திரும்புவது ஏன்?

கேள்வி: தான்சானியாவில் முவான்சா பக்கம், விக்டோரியா ஏரிக்கரைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். போன வருடம் பிள்ளைகளுக்குக் கிச்சோச்சோவுக்காக (ஏரித் தண்ணீரிலிருந்து தோல் வழியே ஏறும் புழு நோய், சிஸ்டோசோமியாசிஸ்) பிராசிகுவான்டெல் என்ற புழு மாத்திரை கொடுத்தார்கள். இப்போது சிலருக்கு மலத்தில் மறுபடியும் புழு முட்டை தெரிகிறது. அன்று சிலர் வாந்தி எடுத்ததால் பெற்றோரும் தயங்குகிறார்கள். மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: வேலை செய்கிறது, தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். அந்த மருந்து வளர்ந்த புழுவைத்தான் கொல்லும், தோல் வழியே நுழைந்து சில வாரமே ஆன குஞ்சுப் புழு பெரும்பாலும் தப்பிவிடும். அது போக, காலையில் மாத்திரை விழுங்கிய பிள்ளை சாயங்காலம் குடத்தோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினால் புதுப் புழு ஏறத்தான் செய்யும். மலத்தோடு ஏரிக்குப் போகும் முட்டை பொரிந்து, நத்தைக்குள் பெருகி, கண்ணுக்குத் தெரியாத லார்வாவாக வெளியே வந்து, சில நிமிடங்களில் தோலைத் துளைத்துவிடும்.

அப்புறம் எதற்கு வருடா வருடம் என்று கேட்பார்கள். புழுவைவிட அதன் முட்டைதான் கெடுதல். கிட்டத்தட்ட பாதி முட்டை வெளியேறாமல் குடலிலும் ஈரலிலும் சிக்கிக்கொள்ளும், ஈரல் வருடக்கணக்கில் தழும்பேறி, கடைசியில் ரத்த வாந்தி வரை கொண்டுபோகும். புழுவைக் குறைத்துக்கொண்டே வந்தால் பிள்ளை அந்த நிலைக்குப் போகாது. தொற்று 10 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் ஊரில் 2 வயதிலிருந்து பெரியவர்கள் வரை எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2022இல் வழிகாட்டியது. பள்ளியோடு நிறுத்தினால் தினமும் தண்ணீரில் நிற்கும் மீனவரும் துணி துவைக்கும் அம்மாக்களும் விடுபட்டுப் போவார்கள், எனக்குப் பெரிய கவலை அதுதான்.

வாந்திக்கு வருவோம். 600 மில்லிகிராம் மாத்திரை, பெரியது, கசக்கும். வெறும் வயிற்றில் கொடுக்கவே வேண்டாம். முதலில் எல்லோருக்கும் உஜிக் கஞ்சி ஊற்றுங்கள், குமட்டலும் குறையும், மருந்தும் நன்றாக உடம்பில் சேரும். புழு அதிகம் உள்ள பிள்ளைக்கு வயிற்றுவலி கொஞ்சம் கூடவே வரும், ஒரு நாளில் அடங்கிவிடும். இதைப் பெற்றோரிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். வலிப்பு வந்த பிள்ளை இருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் தர வேண்டாம்.

குளிக்கிற தண்ணீரை, நத்தை இல்லாமல் பார்த்து, டிரம்மில் 2 நாள் மூடி வைத்தால் லார்வா செத்துவிடும். சரி, பள்ளிக் கழிப்பறையில் கதவும் தண்ணீரும் இருக்கிறதா? பிள்ளைகள் கரையோரப் புதருக்கு ஒதுங்குகிறார்கள் என்றால், அடுத்த ஊர்க்கூட்டத்தில் அதைத்தான் முதலில் பேசுங்கள்.