திருநங்கைகள் குழுவுக்கு அறக்கட்டளை நிதி கேட்டு விண்ணப்பிப்பது எப்படி?

கேள்வி: நாங்கள் ஒரு சின்ன டவுனில் உள்ள திருநங்கைகள் குழு. தையல் கூடம் தொடங்க வெளிநாட்டு அறக்கட்டளைகளிடம் நிதி கேட்கலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

முதலில் நான் ஒன்று கேட்கிறேன், தங்கச்சி. உங்கள் குழுவில் எத்தனை பேருக்குத் தைக்கத் தெரியும்? தைக்கத் தெரிந்தாலும் தினமும் எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் உட்கார எத்தனை பேருக்கு விருப்பம்?

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திருநங்கை என்றாலே தையல் மெஷின், அதை விட்டால் பியூட்டிஷியன் கோர்ஸ் என்று தர்மம் செய்கிறவர்கள் மனதில் பதிந்துபோயிருக்கிறது. மேடை போட்டு, மாலை போட்டுக் கொடுத்த மெஷின்கள் எங்கள் ஊரில் பல வீடுகளில் துவைத்த துணியை மடித்து வைக்கத்தான் பயன்படுகின்றன. அவர்கள் தருவார்கள் என்பதற்காகக் கேட்கிறீர்களா, வேண்டும் என்று கேட்கிறீர்களா என்று நீங்களே உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். நிஜமாகவே தையல்தான் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

நாங்கள் திண்டுக்கல் பக்கம். எங்களில் பெரும்பாலோர் கடை கேட்டு, அதாவது கடை கடையாகப் போய்க் கைதட்டிக் காசு கேட்டுப் பிழைத்தவர்கள். அதைக் கேவலம் என்று சொல்ல வரவில்லை, நானும் கேட்டிருக்கிறேன், அந்தக் காசில்தான் தங்கை கல்யாணம் நடந்தது. ஆனால் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு வேலை சமையல். எங்கள் நானி (எங்கள் குருவுக்கும் குரு) ஜமாத் விசேஷத்துக்கு, அதாவது எங்கள் திருநங்கைச் சமூகத்து விசேஷத்துக்கு அண்டா ஏற்றினால் அளவு பார்க்காமலே உப்பு சரியாக விழும். அதனால் கேட்டரிங் என்று முடிவு செய்தோம். "உங்கள் கையால் சமைத்தால் யார் சாப்பிடுவார்கள்" என்று சிரித்தவர்கள் உண்டு. புதுக்கடை திறப்புக்குத் திருஷ்டி சுற்ற எங்களைக் கூப்பிடுவார்கள், ஆனால் அன்றைய சாப்பாட்டு ஆர்டரைக் கொடுக்க மட்டும் யோசிப்பார்கள்! சரி, அது வேறு கதை.

விண்ணப்பம் என்றதும் எல்லோரும் புரபோசல் எழுதுவதில்தான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். கஷ்டம் பெயரில் இருக்கிறது. நிதி வாங்குவதற்காக நாங்கள் ஒரு டிரஸ்ட் வைத்தோம். டிரஸ்ட் பத்திரத்தில் நாங்கள் இன்றைக்கு வாழும் பெயர், சிலருடைய ஆதாரில் வீட்டில் வைத்த ஆண் பெயர், பான் கார்டில் வேறு மாதிரி இனிஷியல். டிரஸ்ட் பெயரில் கணக்குத் தொடங்கப் போனால் எல்லா டிரஸ்டியின் அடையாளமும் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்றார்கள். அந்த மேனேஜர் கெட்டவர் இல்லை, டீ கூட வாங்கிக் கொடுத்தார். "சிஸ்டம் எடுக்கவில்லை அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கணக்கு இல்லாமல் எந்த அறக்கட்டளையும் பணம் போடாது.

எனவே வரிசையை மாற்றாதீர்கள். 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் கொடுக்கும் அடையாளச் சான்றிதழும் அட்டையும் முதலில். அதற்கான தேசிய இணையதளம் 2020 நவம்பரிலிருந்து இருக்கிறது. அதை வைத்து ஆதார், பிறகு பான் (2018 முதல் பான் விண்ணப்பத்தில் நமக்குத் தனிக் கட்டம் உண்டு), பிறகு வங்கி. டிரஸ்டிகள் அனைவருக்கும் இது முடிந்த பிறகே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். பத்திரத்தில் நோக்கங்கள் பகுதியைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு டிரஸ்டைக் கலைத்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறு அறக்கட்டளைக்குத்தான் போகும் என்ற வரியும் இருக்கட்டும். 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகளுக்கு (டிரஸ்டுக்கும் நன்கொடை தருபவருக்கும் வரிச் சலுகை தருபவை) போகும்போது அதைத்தான் தேடுவார்கள்.

அப்புறம் எழுதுவது. எங்களிடம் ஒருவர் வந்தார். வரும் பணத்தில் பத்து சதவீதம் கொடுத்தால் போதும், புரபோசலை அவரே எழுதித் தருவாராம். எழுதியும் காட்டினார். ஒருத்தி வீட்டை விட்டுத் துரத்தப்பட்டது, இன்னொருத்தி ரயிலடியில் படுத்தது, போலீஸ் அடித்தது என்று பக்கம் பக்கமாக எங்கள் கண்ணீர். எல்லாம் நடந்ததுதான், ஆனால் கடைசிப் பக்கத்தில் பட்ஜெட் என்று இரண்டே வரி: "உபகரணங்கள், இதரச் செலவு". நான் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, பிளஸ் டூ வரை படித்த என் சேலா (சிஷ்யை) ஒருத்தியை வைத்துக்கொண்டு நாங்களே எழுதினோம். எத்தனை லிட்டர் கிரைண்டர், எத்தனை அடுப்பு, கமர்ஷியல் சிலிண்டர் டெபாசிட், அண்டா, அன்னக்கூடை, ஜல்லிக்கரண்டி வரைக்கும் கடைக்காரரிடம் கொட்டேஷன் வாங்கி ஒட்டினோம். மாதம் எத்தனை ஆர்டர் வந்தால் ஆளுக்கு என்ன கூலி நிற்கும் என்று ஒரு பக்கம். உணவுத் தொழிலுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும் என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே போட்டு வைத்திருந்தோம். எங்கள் கஷ்டத்துக்கு ஒரு பத்திதான்.

நாங்கள் விண்ணப்பித்த அறக்கட்டளையின் பெயரைச் சொல்ல மாட்டேன், நான் விளம்பரம் செய்கிறேன் என்பீர்கள். அங்கிருந்து போனில் பேசிய அம்மா முதலில் கேட்டது வாடகையைப் பற்றி. "நாங்கள் கட்டட வாடகைக்குக் கொடுப்பதில்லை." நான் சொன்னேன்: மேடம், மற்றவர்களுக்கு ஐந்தாயிரத்துக்குக் கிடைக்கும் இடம் எங்களுக்கு எட்டாயிரம், அதுவும் அட்வான்ஸ் அதிகம், அதுவும் ஊருக்கு வெளியே. கிரைண்டரை நடுத்தெருவில் வைத்து அரைக்க முடியாது. வாடகையும் முதல் ஆறு மாதக் கூலியும் இல்லாத பட்ஜெட்டை எனக்குக் கொடுத்தால், நான் மறுபடி கடை கேட்கப் போய்த்தான் உங்கள் கிரைண்டரைக் காப்பாற்ற வேண்டும். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு "சமையல் கூடச் செலவு என்று தனித் தலைப்பாகப் போட்டு, ஏன் தேவை என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள்" என்றார். கொடுத்தார்கள். இது எல்லா இடத்திலும் நடக்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை. கேட்காமல் விட்டால் எங்கும் நடக்காது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். ஆராய்ச்சி செய்கிறோம் என்று வரும் பிள்ளைகள். எம்.ஏ., பி.எச்டி. என்று நோட்டும் கையுமாக வருவார்கள். ஆர்டர் இருக்கும் நாள் பார்த்துத்தான் வருவார்கள். "ஆபரேஷன் ஆகிவிட்டதா, வீட்டில் எப்போது தெரிந்தது, முதல் காதல் யார்" என்று வெங்காயம் உரிக்கிறவளை நிறுத்திக் கேட்பார்கள். நாங்களும் சோறு போட்டுப் பேசி அனுப்புவோம். அந்தப் புத்தகம் எங்கே, அதில் எங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, ஒருவராவது ஒரு காப்பி கொண்டுவந்து கொடுத்தது உண்டா? போன் செய்தால் எடுப்பதில்லை. அடுத்த வருடம் அதே காலேஜிலிருந்து வேறு பிள்ளை, அதே கேள்வித்தாள். இதைப் படிக்கும் பேராசிரியர்கள் யாராவது இருந்தால், உங்கள் மாணவர்களுக்கு முதலில் காப்பி கொடுக்கச் சொல்லிக் கொடுங்கள்.

சரி, வெளிநாட்டு நிதிக்கு வருகிறேன். இண்டர்நேஷனல் டிரான்ஸ் ஃபண்ட் போன்றவை இருக்கின்றன. நம்மைப் போன்றவர்களே தலைமை தாங்கும் குழுக்களுக்குத்தான் கொடுக்கிறார்கள், யாருக்கு என்று தேர்ந்தெடுக்கும் இடத்திலும் டிரான்ஸ் ஆட்கள் உட்காருகிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பணம் இந்தியாவுக்குள் வர எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு வேண்டும். பதிவுக்கு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று நிதியாண்டில் நோக்கத்துக்காக 15 லட்சமாவது செலவு செய்திருக்க வேண்டும். கணக்கு டெல்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில்தான் தொடங்க வேண்டும். முன்பு ஒரு பெரிய தொண்டு நிறுவனம் வாங்கி நம்மைப் போன்ற சின்னக் குழுவுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 சட்டத் திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. எஃப்சிஆர்ஏ பதிவு உள்ள நிறுவனமே என்றாலும் இன்னொருவருக்கு மாற்றக் கூடாது. ஒரு குறிப்பிட்ட நிதிக்கு மட்டும் முன் அனுமதி வாங்கலாம், அதற்குக் கொடுப்பவரின் கடிதம் வேண்டும், நல்ல ஆடிட்டர் வேண்டும், பொறுமை வேண்டும். இதெல்லாம் தெரியாமல் துபாயில் இருக்கும் தெரிந்தவரின் நண்பர், வெளிநாட்டுக்காரர், "சும்மா அக்கவுண்டில் போடுகிறேன்" என்று சொன்னால் டிரஸ்ட் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். பணம் தருபவர் வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்றால் விஷயம் வேறு, அதையும் ஆடிட்டரைக் கேட்டே செய்யுங்கள்.

கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணமும் அப்படித்தான். 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 பதிவு வேண்டும், அதற்கு 12ஏ, 80ஜி வேண்டும், மூன்று வருட வேலை அனுபவம் வேண்டும். புது டிரஸ்டுக்கு நேராகக் கிடைக்காது.

அப்படியானால் இன்றைக்கு என்ன செய்வது? தமிழ்நாட்டில் 2008இலேயே நமக்கென்று நல வாரியம் வந்துவிட்டது. வாரிய அட்டை இருந்தால் சுயதொழிலுக்கு ஆளுக்கு 50,000 ரூபாய் மானியம் உண்டு, கலெக்டர் ஆபீஸில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். இது தனி ஆளுக்குத் தருவது, டிரஸ்ட் தேவையில்லை. ஐந்து பேர் வாங்கி ஒரே கூடத்தில் போட்டுத் தொழில் நடத்துங்கள், ஆனால் யார் பணத்தில் எந்த மெஷின் என்று பில்லோடு எழுதி வையுங்கள். சண்டை வரும். கண்டிப்பாக வரும். கோவில்பட்டி பக்கம் மந்தித்தோப்பில் திருநங்கைகள் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமே வைத்திருக்கிறார்கள், குழுவாகச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் அதைச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வருடம் இப்படி நடத்திக் கணக்கு வைத்தால் அந்தக் கணக்குதான் பிறகு பெரிய இடங்களில் உங்களுக்காகப் பேசும்.

பணம் வந்த பிறகு ரிப்போர்ட் கேட்பார்கள். எங்களிடம் "முன்பு, பின்பு" என்று போட்டோ கேட்டார்கள். சிக்னலில் கைதட்டுவது மாதிரி ஒன்று, கரண்டியோடு ஒன்று. முடியாது என்று சொல்லிவிட்டு, கேஷ் புக் நகல், பில் வரிசை, வாடிக்கையாளர் போன் எண்கள் (அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான்) அனுப்பினோம். அடுத்த வருடமும் கொடுத்தார்கள். டிரஸ்ட் வைத்துச் சம்பாதிக்கிறாள் என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கும் அதே கேஷ் புக்தான், வந்து பார்க்கலாம், சாப்பிட்டுவிட்டும் போகலாம். சாப்பாட்டுக்குக் காசு உண்டு.

நீங்கள் தையல்தான் என்று முடிவு செய்தால், கொட்டேஷன் வாங்கும்போதே மோட்டார், ஓவர்லாக் மெஷின், கட்டிங் டேபிள், கரண்ட் டெபாசிட் எல்லாவற்றையும் முதல் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள். மெஷின் கொடுத்தவர்களிடம் பிறகு போய் மோட்டாருக்குத் தனியாகக் கேட்டால் "அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம்" என்பார்கள்.