கீறல் விழுந்த ரெக்கார்டு – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஜமைக்காவின் ரெகே இசை பற்றி எழுதும்போது, பாப் மார்லியோடு நிறுத்திவிடாமல் பர்னிங் ஸ்பியரையும் கேளுங்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கேட்டேன். கறுப்பினத் தலைவர் ஒருவரின் பெயரில் வந்த ‘மார்கஸ் கார்வி’ ஆல்பத்தை முழுதாக இரண்டு தடவை. உண்மையைச் சொல்வதென்றால் கீறல் விழுந்த ரெக்கார்டு போல இருந்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். அடுத்தடுத்த ஆல்பங்களிலும் அதே கார்வி, அதே அடிமைக் காலம். மார்லி காதலையும் பாடினார், கொண்டாட்டத்தையும் பாடினார். இவருக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தானா? இன்னொரு சந்தேகம். இந்தப் பாடகர்கள் சொல்லும் ராஸ்தாஃபாரி என்பது மதமா, இல்லை கஞ்சாவுக்கு ஒரு சாக்கா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

படித்ததும் சிரித்துவிட்டேன். நான் அவரை முதலில் கேட்டது நண்பன் பதிந்து கொடுத்த கேசட்டில். பாட்டு அவ்வளவு மெதுவாக நகர்ந்தது. பிளேயரில் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று நினைத்து, கழற்றிப் புது பெல்ட் மாட்டினேன். அப்புறமும் அதே வேகம்தான்.

எனக்காவது பரவாயில்லை. அந்த ஆல்பத்தை இங்கிலாந்தில் வெளியிட்ட ஐலண்ட் நிறுவனத்துக்கும் இப்படியே ஏதோ தோன்றியிருக்கிறது. 1975இல் ஜாக் ரூபி தயாரித்த பாடல்களை அங்கே மறுபடி மிக்ஸ் செய்தார்கள், சிலவற்றின் வேகத்தையும் மாற்றினார்கள். வெளிநாட்டுக் காதுக்கு ஜமைக்கா கொஞ்சம் கனமாக இருக்கும் என்ற கணக்கு. பாடகருக்குக் கோபம் வந்தது. ஸ்பியர் என்ற பெயரில் சொந்த லேபிள் தொடங்கிவிட்டார். நீங்கள் கேட்டது பெரும்பாலும் ஐலண்ட் பதிப்பாகத்தான் இருக்கும். அதுவே உங்களுக்கு மெதுவாக இருந்திருக்கிறது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சொல்ல ஒரே ஒரு விஷயம்தானா என்று கேட்டீர்கள். ஆமாம், ஒரே ஒரு ஊர்.

அவருடைய இயற்பெயர் வின்ஸ்டன் ராட்னி. பிறந்தது ஜமைக்காவின் வட கரையில் உள்ள செயின்ட் ஆன்ஸ் பே. 1503இல் கொலம்பஸ் தன் கப்பல்கள் ஓட்டையாகிப் போய், ஏறக்குறைய ஒரு வருஷம் மாட்டிக்கொண்டு கிடந்த கரை அது. 1887இல் மார்கஸ் கார்வி பிறந்ததும் அதே ஊரில்தான். கொலம்பஸ் அந்தத் தீவைக் ‘கண்டுபிடித்தவர்’ என்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். ராட்னி 1980இல் வந்த ஒரு பாட்டில் அதே கொலம்பஸைப் பொய்யன் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். அவர் வருவதற்கு முன்பே இங்கே அராவாக் மக்கள் இருந்தார்களே, அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கிறார். அதையும் நாலைந்து முறை கேட்கிறார், வேறென்ன!

கார்வி ஆரம்பத்தில் அச்சுத் தொழிலாளி. 1914இல் கறுப்பின மக்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கி, அமெரிக்காவில் அதைப் பெரிதாக வளர்த்தார். 1919இல் கறுப்பர்களுக்குச் சொந்தமான கப்பல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். கப்பல் கம்பெனி நொடித்தது, வழக்கு வந்தது, சிறைக்குப் போனார், 1927இல் நாடு கடத்தப்பட்டார். 1940இல் லண்டனில் இறந்தார். 1964இல்தான் அவர் உடலை ஜமைக்காவுக்குக் கொண்டுவந்து தேசிய வீரர் என்று அறிவித்தார்கள். அதன்பின் பதினோரு வருஷம் கழித்து இந்தப் பாடகர் வந்து, கிழவர் கார்வியை யாருக்குமே ஞாபகமில்லை என்று பாடுகிறார். நினைவிடம் இருக்கிறது, பட்டம் இருக்கிறது. இருந்தும் ஞாபகம் இல்லை என்கிறார். அந்த வரியை ஒரு தடவை பாடினால் அது வெறும் தகவல். இருபது தடவை பாடும்போதுதான் கேட்பவனுக்குக் கொஞ்சம் சங்கடமாகிறது.

மார்லியோடு ஒப்பிட்டிருந்தீர்கள். மார்லியும் அதே செயின்ட் ஆன் மாவட்டத்துக்காரர்தான். 1969இல் மலைப்பக்கம் இருவரும் தற்செயலாகச் சந்தித்ததை ராட்னி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மார்லி தன் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தாராம். கூட ஒரு கழுதை, வாளிகள், வெட்டுக்கத்தி, நடுவதற்குக் கன்றுகள். எனக்கும் பாட ஆசை என்று இவர் சொல்ல, கிங்ஸ்டனில் ‘ஸ்டுடியோ ஒன்’ என்ற ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்ப் பார் என்று அவர் சொல்லிவிட்டு நடந்திருக்கிறார். அவ்வளவுதான். ராட்னி அங்கே போய்ப் பாடிக் காட்டினார். அந்த வருஷமே முதல் பாட்டு வந்தது. பர்னிங் ஸ்பியர் என்ற பெயர் கென்யாவின் விடுதலைத் தலைவர் ஜோமோ கென்யாட்டாவுக்கு வழங்கிய பட்டப்பெயரிலிருந்து எடுத்தது. தொடக்கத்தில் அது ஒரு குழுவின் பெயர், பிறகு ஒற்றை ஆளின் பெயராகிவிட்டது. பிற்பாடு இரண்டு கிராமி விருதுகள், 2000இலும் 2009இலும். அவற்றைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். மதம்தான். 1930இல் எத்தியோப்பியப் பேரரசராக முடிசூடிய ஹெய்லி செலாசியின் பழைய பெயர் ராஸ் தஃபாரி. ஜமைக்காவின் ஏழைகளில் ஒரு பகுதியினர் அவரைக் கடவுளாகக் கண்டார்கள். கார்வியை அவர் வருகையைச் சொன்ன தீர்க்கதரிசி என்றார்கள். கார்வியோ 1937இல் செலாசியை வெளுத்து வாங்கி எழுதியவர்! பக்தி இதையெல்லாம் பார்ப்பதில்லை. கஞ்சா அவர்களுக்கு வழிபாட்டுப் பொருள். கஞ்சாவுக்கு ஒரு சாக்கு வேண்டுமென்றால் இதைவிடச் சுலபமான வழிகள் இருந்தன. 1963இல் ஜமைக்காவின் கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நடந்த ஒரு மோதலுக்குப் பிறகு, போலீசும் ராணுவமும் கண்ணில் பட்ட ராஸ்தாக்களைப் பிடித்து அடித்து, சடைமுடியை வெட்டின. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2017இல்.

1975இல் செலாசி இறந்த செய்தி வந்தபோது இந்த பக்தர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ‘ராக்கர்ஸ்’ என்ற ஜமைக்கப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. ஹார்ஸ்மவுத் என்ற டிரம்மர் நொந்துபோய் இருக்கிறார், அவருடைய மோட்டார் சைக்கிள் திருட்டுப் போய்விட்டது. இரவு, கடற்கரை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பர்னிங் ஸ்பியர் கடவுள் சாகவில்லை என்று பாடுகிறார். கிடார் இல்லை, டிரம் இல்லை, அலைச் சத்தம் மட்டும். நம்மை ஏமாற்றப் பார்க்கிறார்கள், அவர் சாகவில்லை, சாகவில்லை. டிரம்மர் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தில் புதிதாக ஒரு வரியை எழுதிச் சேர்த்தால் எவ்வளவு அபத்தமாக இருக்கும்!

இன்னொரு முறை கேட்பதானால் ‘ஸ்லேவரி டேஸ்’ பாட்டை மட்டும் கேளுங்கள், ஹெட்போன் மாட்டிக்கொண்டு. பேஸ் கிடாரைப் பின்தொடருங்கள். அடிமை நாட்கள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று அவர் கேட்கிறார், பின்குரல்கள் அதையே திரும்பக் கேட்கின்றன. நடுவில் அடித்தார்கள், வேலை வாங்கினார்கள், தேவை தீர்ந்ததும் தள்ளிவிட்டார்கள் என்று சின்னச் சின்ன வாக்கியங்கள். யாரை? நம்மை என்கிறார். ஜமைக்காவில் அடிமை முறை முழுதாக ஒழிந்தது 1838இல். பாட்டு வந்தது 1975இல். 137 வருஷம் கழித்துப் பாடுகிறவர், தன் கழுத்தில் அந்தச் சங்கிலி கிடந்ததுபோல நம்மை, நம்மை என்கிறார். எனக்கு அது பிடிபடவே ஐந்தாறு தடவை கேட்க வேண்டியிருந்தது. நீங்கள் இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறீர்கள்.

அன்புடன்.