மனநலப் பிரிவில் சிஸ்டர் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்?

கேள்வி: நாங்கள் காசிமேட்டில் இருக்கிறோம். என் தம்பிக்கு 26 வயது, விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். மூன்று வாரமாகத் தூங்குவதில்லை. பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுவதாகவும், சாப்பாட்டில் ஏதோ கலப்பதாகவும் சொல்கிறான். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். டாக்டரைப் பார்க்கும் முன்பே ஒரு சிஸ்டர் அரைமணி நேரம் கேள்வி கேட்டார். நடுவில் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "செத்துப்போகலாம்னு தோணுதா" என்று அவனிடம் கேட்டிருக்கிறார். இல்லாத நினைப்பை அவரே உண்டாக்கிவிட மாட்டாரா? அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன சொல்ல வேண்டும்?

பதில்: உண்டாக்க மாட்டார், சகோதரி. இதைப் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை. மனநலச் செவிலியராக நான் கண்டதும் அதுதான். பல நாள் உள்ளேயே வைத்துப் புழுங்கியவர்கள், ஒருவர் கேட்டதும் அழுதுவிட்டுப் பேசத் தொடங்குவார்கள். "ஆமாம்" என்று பதில் வந்தால், எப்படி என்று யோசித்தாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா என்று தொடர்ந்து கேட்போம். வீட்டுக்கு அனுப்பலாமா, வார்டில் சேர்க்க வேண்டுமா என்று முடிவு செய்ய அந்தப் பதில்கள் வேண்டும். அக்கா எதிரில் இருந்தால் தம்பி "அதெல்லாம் இல்ல" என்றுதான் சொல்வான். உங்களை வெளியே உட்கார வைத்தது அதற்காகத்தான். போலீஸ் வழக்கு வருமோ என்று சிலர் மறைப்பார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும். அதை மீறி வேறு காரணம் நிரூபிக்கப்பட்டால் ஒழிய அவரைத் தண்டிக்கக் கூடாது.

மற்ற கேள்விகளுக்கும் காரணம் உண்டு. சர்க்கரைக்கு இருப்பதுபோல, இந்த நோய் இது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை மனநோய்க்கு இல்லை. பேச்சையும் நடத்தையையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். குளித்திருக்கிறாரா, கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, பேச்சு கோர்வையாக வருகிறதா, யாரும் இல்லாத பக்கம் திரும்பிக் காது கொடுக்கிறாரா என்று பேசும்போதே கவனிப்போம். "எந்த பஸ்ல வந்தீங்க, எங்க இறங்கினீங்க" என்பது ஊர்க்கதை மாதிரி இருக்கும். ஞாபகமும் இட உணர்வும் அதில் தெரிந்துவிடும். 100-லிருந்து 7, 7-ஆகக் கழிக்கச் சொல்வது பாடப்புத்தக முறை. அஞ்சாவதோடு படிப்பை விட்டவரிடம் அப்படிக் கேட்டால், அவர் படிக்காததை நோய் என்று எழுதிவிடுவோம். சங்கரா மீன் கிலோ 200 ரூபாய், ஒன்றரை கிலோ என்ன ஆகும் என்று கேட்பதுதான் நியாயம். "இறந்த அப்பா கனவில் வந்து கூப்பிட்டார்" என்று சொன்னாலும் அப்படித்தான். உங்கள் வீட்டில், தெருவில் அது வழக்கமான பேச்சா என்று உங்களைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

நோய்க்குப் பெயர் சொல்வது டாக்டர். சிஸ்டர் எழுதுவது, அந்த நோய் தம்பியின் அன்றாடத்தில் எதைக் கெடுத்திருக்கிறது என்பதை: தூக்கம் இல்லை, சந்தேகத்தால் சாப்பாடு இறங்கவில்லை, உயிருக்கு ஆபத்து உண்டா இல்லையா. ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று திட்டமிட்டு, செய்து, பலித்ததா என்று திரும்பப் பார்ப்பார். உங்களை மறுபடி வரச் சொன்னது அதற்கும் சேர்த்துத்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் நீங்கள் இன்றே தொடங்கலாம். முட்டையை அவித்து ஓட்டோடு கொடுங்கள், வாழைப்பழத்தை உரிக்காமல் கொடுங்கள். எல்லோரும் சாப்பிடும் சட்டியிலிருந்து அவனே போட்டுக்கொள்ளட்டும். "யாரும் பேசல, உனக்கென்ன பைத்தியமா" என்று மட்டும் வாதாடாதீர்கள். "எனக்குக் கேக்கல. ஆனா நீ பயந்து போயிருக்கேன்னு தெரியுது" என்று சொன்னால் போதும்.

சரி, அடுத்த வாரம் என்ன சொல்வது? "காத்து கருப்பு பட்டிருக்கு", "மனசு சரியில்ல" என்பதைவிட, நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். எந்தத் தேதியிலிருந்து தூங்கவில்லை, கடைசியாக எப்போது கடலுக்குப் போனான், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, தலையில் அடிபட்டதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறான். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

குடியை மறைக்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். மானம் போகும் என்று வீட்டார் மறைப்பது இதைத்தான், எங்களை அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, காய்ச்சல், இல்லாத உருவங்கள் தெரிவது, நாள் கிழமை தெரியாத குழப்பம் எல்லாம் வரலாம். அது உயிருக்கே ஆபத்து. அப்படி இருந்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்காமல், நடுராத்திரி ஆனாலும் பக்கத்தில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். சாக வேண்டும் என்று அவன் பேசினாலும் அதேதான், தனியாக விடவும் வேண்டாம். போனில் ஆலோசனை கேட்க 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

அப்புறம் மாத்திரை. சில மாத்திரைகள் தொடங்கிய முதல் நாட்களில் கழுத்து ஒரு பக்கம் இழுக்கலாம், கண் மேலே செருகலாம். அப்போதும் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஊசி போட்டால் பெரும்பாலும் சீக்கிரமே சரியாகிவிடும். உட்கார முடியாமல் கால் பரபரத்து நடந்துகொண்டே இருந்தால், நோய் முற்றிவிட்டது என்று நினைத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம். அது மாத்திரையின் விளைவாகவும் இருக்கலாம், டாக்டர் அளவை மாற்றித் தருவார். என்றைக்குத் தொடங்கியது என்று அதே தாளில் குறித்து, அந்த சிஸ்டரிடமே காட்டுங்கள்.