முதலில் பரணிலிருந்து இறக்குங்கள்

கேள்வி: ‘ஃபார்ஸ்கேப்’ என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் வந்த வேற்றுக்கிரக ஜந்து ஒன்றின் பொம்மைத் தலையை வெளிநாட்டு ஏலத்தில் வாங்கினேன். பெசன்ட் நகரில் மேல்மாடி வீடு. பாலித்தீன் சுற்றி, பாச்சா உருண்டை போட்டுப் பரணில் வைத்திருந்தேன். இப்போது கன்னம் பிசுபிசுக்கிறது. காதோரம் பொடியாக உதிர்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பதில்: கூடவே கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி உப்பி, இன்னும் தளர்ந்துபோகும். கொலு பொம்மை மாதிரி பரணில் ஏற்றிவிட்டு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளும் சரக்கல்ல இது.

1999 முதல் 2003 வரை ஒளிபரப்பான அந்தத் தொடருக்கு ஜிம் ஹென்சன் நிறுவனத்தின் பட்டறைதான் ஜந்துக்களைச் செய்தது. அக்காலத்தில் இப்படிப்பட்ட தோல்களுக்குப் பெரும்பாலும் நுரை லேடெக்ஸ்தான்: ரப்பர் பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, அடுப்பில் வேகவைப்பார்கள். படப்பிடிப்பு முடியும்வரை தாங்கினால் போதும் என்று செய்த பொருள். உங்களுடையது லேசாக, பஞ்சு போல அமுங்கினால் அதுதான். சிலிகான் என்றால் நல்ல கனம் இருக்கும், இப்படி உதிராது.

காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை அறுக்கும்போது பிசுபிசுப்பு வரும். அறுந்தவை தாறுமாறாகப் பிணைந்துகொண்டால் விறைத்து நொறுங்கும். வெயிலும் வெளிச்சமும் இதை வேகப்படுத்தும். மொட்டை மாடிக்குக் கீழே, மே மாதப் பரணில், கேட்கவே வேண்டாம். கெட்ட பகுதியைப் பழையபடி ஆக்க வழியில்லை. மிச்சத்தின் வேகத்தைத்தான் குறைக்கலாம்.

வெயில் படாத உள்ளறை அலமாரிக்கு மாற்றுங்கள். இரவில் மட்டும் ஏசி ஓடும் அறை வேண்டாம், ஈரப்பதம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு வைத்து, ஈரப்பதமானியில் 50 சதவீதத்தை ஒட்டி நிற்கிறதா பாருங்கள். பாச்சா உருண்டையைத் தூக்கிப் போடுங்கள். தலைக்குள் பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக அடைத்தால் முகம் உள்வாங்காது. பிசுபிசுக்கும் இடத்துக்கு, கேக் சுடும்போது போடும் சிலிகான் பூசிய தாள். செய்தித்தாள் ஒட்டிக்கொண்டு பெயிண்டையும் பிய்த்துவிடும்.

கண் அசையும் பொம்மையா? பேட்டரி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். உள்ளே செப்புக் கம்பி வெறுமையாக ரப்பரைத் தொட்டுக்கொண்டிருந்தால் விலக்கி வையுங்கள். செம்பு ரப்பரை வேகமாகத் தின்னும்.

கூடத்தில் வைத்து நாலு பேருக்குக் காட்ட ஆசை என்றால், கோடம்பாக்கத்தில் சினிமாவுக்குப் புராஸ்தெடிக் மேக்கப், அதாவது செயற்கைத் தோல் ஒட்டும் ஒப்பனை செய்பவர்களிடம் சிலிகான் நகல் கேளுங்கள். அசல் மேலேயே அச்செடுக்க விடாதீர்கள், தோல் உரிந்து அச்சோடு போய்விடும். எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக் கொடுங்கள். அதைப் பார்த்துக் களிமண்ணில் செதுக்கிக்கொள்வார்கள்.