கீசர் எரியுது, தண்ணி சுடல!

கேள்வி: அண்ணா, எங்க வீட்டுல 6 லிட்டர் கேஸ் கீசர், வாங்கி மூணு வருஷம் ஆவுது. போன மார்கழி வரைக்கும் கொதிக்க கொதிக்க வந்துச்சு, இப்ப நெருப்பு நல்லாதான் எரியுது ஆனா தண்ணி வெதுவெதுன்னுதான் வருது. போர் தண்ணி, ஒரே உப்பு. ஷவர்ல வேகம் பத்தலன்னு தீபாவளிக்கு ஒரு ப்ரெஷர் பம்ப் போட்டோம், மத்தபடி எதுவும் மாத்தல. மெக்கானிக் வந்து மூடிய கூட கழட்டாம "போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க"ன்னுட்டாரு. கீசர் பாத்ரூம் உள்ளயே இருக்கு.
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: மூடிய கழட்டாம சொன்ன ஆளு பேச்சுக்கு துட்டு செலவு பண்ணாதம்மா. "மத்தபடி எதுவும் மாத்தல"ன்னு போற போக்குல சொன்ன பாரு, அந்த பம்ப் மேலதான் எனக்கு சந்தேகம். 6 லிட்டர் கீசர்னா அதுக்குள்ள 6 லிட்டர் தண்ணி பிடிக்கும்னு நெறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, நிமிஷத்துக்கு 6 லிட்டர் தண்ணிய 25 டிகிரி ஏத்தும்னு அர்த்தம். டேங்க் தண்ணி 24 டிகிரின்னா வெளிய 49 வரணும். அதே நெருப்புல பம்ப் 12 லிட்டர் தள்ளுச்சுன்னா 36, 37தான் வரும், அது நம்ம உடம்பு சூடு, கைய வச்சா வெதுவெதுன்னுதான் இருக்கும்.

செக் பண்றது ஈஸி. 15 லிட்டர் பக்கெட்ட வச்சு சுடுதண்ணி குழாய மட்டும் தொறந்து போன்ல டைம் பாரு. ரெண்டரை நிமிஷத்துல நெறஞ்சா சரி, ஒண்ணேகால் நிமிஷத்துலயே நெறஞ்சுட்டா பம்ப் வேலைதான், கீசருக்கு தண்ணி போற ஆங்கிள் வால்வ கொஞ்சம் கொஞ்சமா மூடிக்கிட்டே வந்தா சூடு ஏறும். சூட்ட கூட்டிக் கொறைக்கிற வின்டர், சம்மர் நாப் எதுல இருக்குன்னும் பாரு, பசங்க திருப்பி விட்டிருப்பாங்க (எங்க வீட்டுல ரெண்டு தடவ நடந்துச்சு).

பக்கெட் டைம் சரியா இருந்தும் சுடலன்னா நெருப்ப பாரு. நீலமா ஆனா சின்னதா எரிஞ்சா கேஸ் பத்தல. இது ஃபுல்லா எரிஞ்சா ஒரு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோ கேஸ் குடிக்கும், அதே சிலிண்டர்ல டி ஜாயின்ட் (கேஸ ரெண்டா பிரிக்கிற இணைப்பு) போட்டு அடுப்புல இட்லியும் வேகுதுன்னா ரெண்டுக்கும் பிரஷர் எறங்கும், அடுப்ப அணைச்சுட்டு பாரு. நெருப்பு பெருசா நல்லாதான் இருக்குன்னா உள்ள காப்பர் காயில்ல உப்பு படிஞ்சிருக்கும், கூடவே தண்ணியும் வரவர கொறஞ்சு கெட்டில் மாதிரி சத்தம் வந்தா கண்டிப்பா அதுதான். சிட்ரிக் ஆசிட் கரைச்சு காயில்ல ஊத்தி ஊற வச்சு கழுவணும், தெரிஞ்ச ஆள வச்சு செய். பாத்ரூம் கழுவுற ஆசிட்ட மட்டும் ஊத்த விடாத, அது காப்பரையே தின்னுடும்.

மஞ்சளா எரியுதா? அப்ப இன்னிக்கே நிறுத்திடு. காத்து பத்தாம எரியுதுன்னு அர்த்தம், அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்ல நிறமும் இல்ல, தலை சுத்தி விழுந்தாதான் தெரியும், அதுக்குள்ள கதவ தாழ்ப்பாள் போட்டிருப்போம். நீலமா எரிஞ்சாலும் கீசர் பாத்ரூம் உள்ள இருக்கக்கூடாதும்மா. பால்கனிக்கோ வெளிச் செவுத்துக்கோ மாத்தி பைப் மட்டும் உள்ள வரட்டும், புது கீசருக்கு வச்சிருக்கிற காச இதுக்கு போடு. கேஸ் வாசனை வந்தா ஸ்விட்ச் எதையும் தொடாம ரெகுலேட்டர மூடிட்டு ஜன்னல தொறந்து வெளிய வந்து 1906க்கு போன் பண்ணு.

கேள்வி: சார், எங்க கீசர் காலைல 6 மணிக்கு பத்தவே மாட்டேங்குது, மத்தியானம் எரியுது. பேட்டரி புதுசு.
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: காலைல மாடி வீடு கீழ் வீடு எல்லாரும் ஒரே நேரத்துல குழாய தொறப்பீங்க, உங்களுக்கு வேகம் எறங்கிடும். தண்ணி தள்ளுற வேகத்துலதான் உள்ள டயாஃப்ரம்ங்கிற ரப்பர் தகடு எழும்பி கேஸ தொறக்கும், வேகம் இல்லன்னா டிக்டிக் சத்தமே வராது. சத்தம் வந்தும் பத்தலன்னா கேஸ் பக்கம் பாருங்க. சத்தமே இல்லன்னா கீசருக்கு தண்ணி வர்ற எடத்துல இருக்கிற சின்ன வலை ஃபில்டர கழட்டி கழுவுங்க, ஷவர் ஓட்டைல உப்பு அடைச்சிருந்தா அதையும் வினிகர்ல ஊற போடுங்க. டேங்க் தலைக்கு மேல பத்தடில இருந்தாலும் கிடைக்கிற பிரஷர் 0.3 பார் (bar) அளவுதான், மேல் மாடில இருக்கிறவங்களுக்கு அதுவும் கெடையாது, உங்க வீடு அப்படின்னா பம்ப் போடுங்க. போட்டுட்டு மேல வண்ணாரப்பேட்டை பதில ஒரு தடவ படிச்சிடுங்க!