மொரீஷியஸின் முதல் குடியரசுத் தலைவர் தமிழராமே? அவருடைய அரசியல் வாழ்க்கை எப்படிப்பட்டது?

ஆமாம், தமிழர்தான். சர் வீராசாமி ரிங்காடு. ஆனால் அந்தப் பதவியில் அவர் இருந்தது 1992 மார்ச் 12 முதல் ஜூன் 30 வரைதான். நாலு மாதம்கூட நிரம்பவில்லை. 'நம்ம ஆள் ஜனாதிபதி' என்று வாட்ஸாப்பில் சுற்றும் செய்திகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் வீட்டில் அவர் பெயர் அடிபட்டது பள்ளிக்கூடக் கட்டணத்துக்காகவும் ரூபாய் மதிப்புக்காகவும்.

நான் மொரீஷியஸில் ரோஸ்ஹில் ஊர்க்காரன். மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்து, இப்போது ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லித் தருகிறேன். வீட்டில் பேசுவது இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான், அதனால் என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரிங்காடு 1920-இல் போர்ட் லூயியில் பிறந்தவர். லண்டனில் சட்டம் படித்தார். அவர் அரசியலுக்கு வந்த காலத்தைப் புரிந்துகொள்ள 1948 தேர்தலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு முன் சொத்தோ நல்ல வருமானமோ உள்ள சுமார் 12,000 பேருக்குத்தான் ஓட்டு. 1947-இல் விதி மாறியது. தீவில் புழங்கும் மொழிகளில் ஏதாவது ஒன்றில் எளிய வாக்கியங்களை எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், பெண்களுக்கும் ஓட்டு. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. வாக்காளர் எண்ணிக்கை ஒரே தாவலில் 71,000-ஐத் தாண்டியது. கரும்புத் தோட்டத்தில் வெட்டு வேலை செய்த என் தாத்தா, கோவிலில் கற்ற எழுத்தை வைத்து 'இன்று மழை பெய்தது' என்று எழுதிக் காட்டித்தான் ஓட்டுரிமை வாங்கினாராம். அன்றைக்கு நல்ல வெயில் என்று சேர்த்துச் சொல்வார்.

தாத்தா போன்றவர்கள் சும்மா போய் ஓட்டுப் போடவில்லை. 1943 செப்டம்பரில் பெல்வூ ஆரெல் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த கூலிகளைப் போலீஸ் சுட்டதில் நாலு பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் கர்ப்பிணியான அஞ்சலை கூப்பன். (கூப்பன் என்றால் குப்பன். பிரெஞ்சு எழுத்து எங்கள் பெயர்களை இப்படித்தான் உருட்டியிருக்கிறது. சீனிவாசன் இங்கே 'சீனேவாசென்'.) அந்தக் கோபமெல்லாம் தொழிற்கட்சிக்குப் போனது. ரிங்காடுவும் அந்தக் கட்சிதான். 1950-களின் தொடக்கத்தில் மோக்கா–ஃப்ளாக் தொகுதியில் ஜெயித்தார்.

தமிழ்நாட்டு ஆட்களுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று: மொரீஷியஸ் அரசியலமைப்பில் தமிழர் தனிச் சமூகம் இல்லை, இந்துக்கள் கணக்கில்தான் வருகிறோம். தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள். தமிழ் ஓட்டை மட்டும் நம்பி ஒருவர் முப்பது வருடம் தாக்குப்பிடிக்க முடியாது. இவரைத் 'தமிழர் தலைவர்' என்று நான் சொல்லாததற்கு அதுதான் காரணம். கட்சி ஆள், கட்சித் தலைவரும் நாட்டின் முதல் பிரதமருமான ராம்கூலமின் நம்பிக்கைக்குரியவர்.

தொழிலாளர் துறை, கல்வி, விவசாயம் என்று சுற்றி, 1968-இல் சுதந்திரம் வந்தபோது நிதித் துறை அவரிடம் வந்தது. 1982 வரை விடவில்லை. கையில் இருந்ததோ கரும்பு ஒன்றுதான், வேலை இல்லாதவர்கள் ஏராளம். 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்து துணி ஆலைகள் முளைத்தன. 1974-இல் சர்க்கரை விலை எகிறியது, அரசிடம் பணம் புரண்டது. 1975 மே 20 அன்று மாணவர்கள் தெருவில் இறங்கி, தலைநகரை நோக்கி நடந்து, கிராந்த் ரிவியேர் பாலத்தருகே கண்ணீர்ப்புகை வாங்கினார்கள். அடுத்த வருடத் தேர்தலில் 18 வயதுக்கு ஓட்டு, 1977 ஜனவரியிலிருந்து இடைநிலைக் கல்வி இலவசம்.

இந்த இடத்தில்தான் எங்கள் குடும்பம் இரண்டாகும். பெரிய அத்தை கட்டணம் கட்ட முடியாமல் 1975-இல் பள்ளியை விட்டு ஆலைக்குப் போனார். சின்ன அத்தை 1977-இல் ஃபார்ம் ஒன் (இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பு) சேர்ந்தார், ஒரு காசு கட்டவில்லை, பின்னால் நர்ஸ் ஆனார். தாத்தாவுக்கு அந்த ஒன்று போதும், சாகும்வரை தொழிற்கட்சியின் சாவிச் சின்னம்தான்.

அப்பா வேறு. சர்க்கரை விலை சரிந்து எண்ணெய் விலை ஏறியதும் கடன் கழுத்துக்கு வந்தது. 1979-இல் ரூபாய் மதிப்பை 30 விழுக்காடு குறைத்தார்கள், 1981-இல் மறுபடியும். "அரிசி விலையை ரிங்காடுகிட்ட போய்க் கேளு" என்று அப்பா தாத்தாவிடம் கத்துவாராம். 1982 ஜூனில் அப்பா எதிர்க்கட்சியின் இதயச் சின்னத்தில் குத்தினார். பிரதான தீவின் 60 இடங்களும் எதிரணிக்கு. ராம்கூலமே சொந்தத் தொகுதியில் தோற்றார். 'அறுபது-பூஜ்யம்' 1995-இலும் 2024-இலும் மறுபடி நடந்தது, ஆனால் முதலாவது இதுதான்.

அதன்பின் நடந்தது மரியாதைக் கணக்கு. ஆளுநர் ஜெனரலாக (அரசியின் பிரதிநிதி) இருந்த ராம்கூலம் 1985 டிசம்பரில் இறக்க, அடுத்த மாதம் ரிங்காடு அந்தப் பதவிக்கு வந்தார். அப்போதைய பிரதமர் ஜகன்னாத், 1982-இல் இவர் கட்சியைத் துடைத்தெறிந்த அணியின் தலைவர்! நாடு குடியரசானபோது, ஆளுநர் ஜெனரலாக அவர் இருந்த அதே ரெதுயி மாளிகையில் பட்டம் மட்டும் மாறியது.

பலர் கேட்பது: 100 ரூபாய் நோட்டில் இருப்பது இவரா? இல்லை, அது ரங்கநாதன் சீனிவாசன், 1958-இலேயே காலமான தொழிற்கட்சித் தலைவர்களில் ஒருவர். அந்த வரிசை நோட்டுகள் 1998-இல் வந்தபோது ரிங்காடு உயிரோடு இருந்தார், 2000-இல்தான் இறந்தார். அந்த நோட்டில் தமிழுக்கு மேலே இந்தியை அச்சடித்து, தமிழர்கள் கொதித்து, எல்லாவற்றையும் திரும்பப் பெற்ற கதை தனி.

பெரிய அத்தையிடம் போன ஞாயிறு இதை எழுதப்போவதாகச் சொன்னேன். "நல்ல மனுஷன்தான்" என்றார். "ரெண்டு வருஷம் முன்னாடி குடுத்திருக்கலாம்."