விளையாட்டு எழுத உதவும் எஸ்டிஎல் (SDL) நிரல் நூலகத்தில் நானே வரையும் மவுஸ் கர்சர் ஏன் கைக்குப் பின்னால் இழுக்கிறது?

நீங்கள் சொல்வதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. இயங்குதளத்தின் கர்சரை மறைத்துவிட்டு, குறிவட்டப் படத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் நீங்களே வரைகிறீர்கள். அது கைக்குப் பின்தங்கி வருகிறது. கேமராவைத் திருப்பினால் கர்சர் விண்டோ ஓரத்தில் முட்டி நின்றுவிடுகிறது.

முதல் சிக்கலுக்கு, நீங்களே வரைவதை விட்டுவிடுங்கள். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடினால் ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி. மவுஸ் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்டு, வரைந்து, அது திரைக்கு வருவதற்குள் ஒன்றிரண்டு ஃபிரேம் போய்விடும். கண்ணுக்குப் பழகாத தாமதம் அது. இயங்குதளத்தின் கர்சருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. பெரும்பாலான கணினிகளில் கிராபிக்ஸ் கார்டு அதைத் தனி அடுக்காக வைத்திருந்து, படம் திரைக்குப் போகும்போது மேலே சேர்த்துவிடும். உங்கள் விளையாட்டு திணறினாலும் கர்சர் வழுக்கிக்கொண்டு போவது அதனால்தான்.

எஸ்டிஎல் 2-இல் இதற்கு 'கிரியேட் கலர் கர்சர்' இருக்கிறது. படத்தையும், அதில் எந்தப் புள்ளி உண்மையில் சுட்டுகிறது என்பதையும் கொடுத்து, பிறகு 'செட் கர்சர்' அழையுங்கள். 32×32 குறிவட்டம் என்றால் அந்தப் புள்ளி நடுவில் இருக்கும் 16, 16. இதை 0, 0 என்று விட்டால் எல்லாச் சொடுக்கும் படத்தின் இடது மேல் மூலையில் போய் விழும்.

பழைய பாடங்கள் ஏன் கையால் வரையச் சொல்கின்றன? எஸ்டிஎல் 1.2-இல் வண்ணக் கர்சரே கிடையாது. கருப்பு, வெள்ளை, ஒளிபுகும் பிக்சல், முடிந்த இடத்தில் தலைகீழ் நிறம், அவ்வளவுதான். அலெக்ரோ 4 என்ற இன்னொரு பழைய விளையாட்டு நூலகத்தின் காலத்தில் இன்னும் பாடு: திரையில் நேரடியாக எதை வரைவதற்கு முன்பும் 'ஸ்கேர் மவுஸ்' அழைத்துக் கர்சரை விரட்டி, வரைந்து முடித்ததும் 'அன்ஸ்கேர் மவுஸ்' அழைத்துத் திரும்பக் கூப்பிட வேண்டும். மறந்தால் திரையில் கர்சரின் தடங்கள் ஒட்டிக்கிடக்கும்.

சரி, கேமரா. ஒவ்வொரு முறையும் கர்சரை நடுவுக்கு இழுத்துவிடும் தந்திரத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள். அந்த இழுப்பே ஒரு நகர்வு நிகழ்வாக உங்களிடம் திரும்பி வரும். அதை வடிகட்ட வேண்டும். லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் வேலாண்டின் (Wayland) அடிப்படை நெறிமுறையிலோ, ஒரு செயலி கர்சரைத் தன் இஷ்டத்துக்கு நகர்த்த இடமே இல்லை. 'செட் ரிலேட்டிவ் மவுஸ் மோட்' போடுங்கள். எஸ்டிஎல் 3-இல் இது விண்டோவுக்கு விண்டோ தனியாக அமைக்கப்படுகிறது. கர்சர் மறைந்துவிடும், ஓரம் என்பதே இருக்காது, மவுஸ் கிடையாகவும் செங்குத்தாகவும் எவ்வளவு நகர்ந்தது என்பதைச் சொல்லும் எக்ஸ்ரெல், ஒய்ரெல் மட்டும் வந்துகொண்டிருக்கும். ஜிஎல்எஃப்டபிள்யூ (GLFW) என்ற வேறொரு நூலகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு இதே வேலையைச் செய்வது 'கர்சர் டிஸேபிள்ட்'. 'கர்சர் ஹிட்டன்' வெறுமனே மறைக்கும், ஓரத்தில் முட்டல் அப்படியே இருக்கும்.

மெனு திறக்கும்போது இந்த நிலையை அணைத்துவிடுங்கள். அப்புறம், லினக்ஸில் டீபக்கர் (நிரலின் பிழை தேடும் கருவி) வைத்துச் சோதிக்கும் நாட்களில் இதைத் தொடக்கத்திலேயே அணைக்க ஒரு கட்டளை வரி விருப்பம் வையுங்கள். மவுஸைப் பிடித்துக்கொண்டே நிரல் பிரேக்பாயிண்டில் (நிறுத்தச் சொல்லிக் குறித்த இடத்தில்) நின்றால் வேறு எந்த விண்டோவையும் சொடுக்க முடியாமல் போகலாம்.